கோபுரம் இன்னும் கட்டப்படுகிறது: வாசகர் கேள்வி – பதில்

பாவத்தைப் பற்றியும் கடைசிக் காலத்தைப் பற்றியும் இம்மாதம் வந்த கடிதங்களுள் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆதித் திருச்சபை என்ன போதித்தது என்று நான்கு பேருமே கேட்டிருக்கிறார்கள். நான்கு பேருமே பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள் என்பதும் கடிதங்களில் தெரிகிறது.

கேள்வி: ஞானஸ்நானம் பெற்றபின் நான்கு ஆண்டுகள் ஒழுங்காக இருந்தேன். பிறகு மறுபடியும் குடிக்கத் தொடங்கினேன்; வீட்டில் மனைவியைக் கை நீட்டி அடிக்கவும் செய்தேன். இப்போது ஏழு மாதங்களாகக் குடியைத் தொடவில்லை. ஆனால் எபிரெயருக்கு எழுதின நிருபம் 6ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இனி மன்னிப்பே கிடையாது என்று தோன்றுகிறது. ஆதிக் கிறிஸ்தவர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: தம்பி, உங்களை நடுங்க வைத்த அந்த வசனங்கள் முதல் மூன்று நூற்றாண்டுகளின் விசுவாசிகளையும் நடுங்க வைத்தன. ஒருமுறை ஒளியைப் பெற்று, பின்பு மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்புதலுக்குக் கொண்டுவருவது கூடாத காரியம் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஞானஸ்நானத்தில் பழைய பாவமெல்லாம் கழுவப்பட்டது என்றால், அதற்குப் பின் செய்த பாவத்தை எந்தத் தண்ணீரில் கழுவுவது என்ற கேள்வி அவர்களுக்கு வெறும் வாதமாக இருக்கவில்லை. இந்தப் பயத்தினாலேயே ஞானஸ்நானத்தைச் சாகும் தறுவாய்வரை தள்ளிப்போட்டவர்களும் உண்டு. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அதைப் பெற்றது 337இல், மரணப் படுக்கையில்தான்.

2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஹெர்மாஸ் என்ற ஒருவர் இருந்தார். ஞானஸ்நானத்துக்குப்பின் வேறு மனந்திரும்புதல் இல்லை என்று சில போதகர்கள் சொல்லக் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் எழுதிய ‘மேய்ப்பர்’ என்ற நூலைச் சில சபைகள் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக வைத்து வாசித்து வந்தன. அதிலுள்ள தரிசனங்களுள் ஒன்றில், தண்ணீரின்மேல் ஒரு கோபுரம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. கற்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. சில கற்கள் வந்தவுடனே பொருந்திவிடுகின்றன. சில உடைத்துத் தூர எறியப்படுகின்றன. இன்னும் சில கோபுரத்துக்குப் பக்கத்திலேயே போடப்படுகின்றன. பக்கத்தில் கிடப்பவை யார் என்று ஹெர்மாஸ் கேட்கிறார். பாவம் செய்து, மனந்திரும்ப விரும்புகிறவர்கள் அவர்கள் என்றும், கட்டுமானத்துக்கு அவர்கள் உதவுவார்கள் என்பதால்தான் தூர எறியப்படவில்லை என்றும் பதில் வருகிறது.

எங்கள் ஊரில் கிணற்றுக்குக் கல்கட்டு வைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வயதான கொத்தனார் ஒரு கல்லை எடுப்பார், நான்கு புறமும் புரட்டிப் பார்ப்பார், பொருந்தாவிட்டால் எட்டி எறியமாட்டார். கை எட்டும் தூரத்தில் வலப்பக்கம் வைத்துக்கொள்வார். மூன்று நான்கு வரிசை ஏறியபின், முன்னே ஒதுக்கிய அதே கல்லை எடுத்து, சுத்தியலால் ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டி உள்ளே செருகிவிடுவார். ஹெர்மாஸ் எழுதியதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை நினைவுக்கு வருகிறது.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியும் இந்த இதழின் கடைசிக் கேள்வியும் இங்கேதான் சந்திக்கின்றன. ஹெர்மாஸ் ஆவலோடு, முடிவு வந்துவிட்டதா என்று கேட்கிறார். கோபுரம் இன்னும் கட்டப்படுவது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா, அது கட்டி முடியும்போது முடிவு வரும் என்று அவரைக் கடிந்துகொள்ளும் குரல் கேட்கிறது. நூலின் பிற்பகுதியில், மனந்திரும்புகிறவர்களுக்காகவே கட்டட வேலை சற்று நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றும் வருகிறது. மதுரையில் புதுமண்டபத்துக்குக் கிழக்கே, அடித்தளத்தோடு நின்றுபோன ராய கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். திருமலை நாயக்கர் காலத்து வேலை ஏன் முடியவில்லை என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஹெர்மாஸின் கோபுரம் ஏன் இன்னும் முடியவில்லை என்பதற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: வெளியே கிடக்கும் கல்லுக்காக அது காத்திருக்கிறது.

ஹெர்மாஸ் கண்டிப்பானவர் என்பதையும் மறைக்கக் கூடாது. ஞானஸ்நானத்துக்குப்பின் ஒரே ஒருமுறைதான் மனந்திரும்புதல் உண்டு என்று அவர் எழுதினார். பிற்காலச் சபை அந்த வரம்பில் நின்றுவிடவில்லை. 250இல் தேசியு என்ற பேரரசன், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டபோது திரளான கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருந்தார்கள். மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமாபுரியின் நோவாசியன். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியானும் 251இல் அங்கே கூடிய ஆயர்களும், ஒவ்வொருவரும் செய்ததன் தன்மையை ஆராய்ந்து, தவம் செய்யவைத்து, வழி திறந்து வைப்பதென்று முடிவு செய்தார்கள். எபிரெயர் நிருபம் கைவிடப்பட்டதால் அப்படி நடந்ததென்று எண்ண வேண்டாம். அந்த நிருபமே அடுத்த சில வசனங்களில், இப்படிப் பேசினாலும் உங்களிடத்தில் மேலானவை உண்டென்று நம்பியிருக்கிறோம் என்று வாசகர்களைத் தேற்றுகிறது. கிறிஸ்துவை மனதார உதறித் தள்ளுகிறவனை நோக்கிச் சொன்னதை, ஏழு மாதங்களாக அழுதுகொண்டிருக்கும் நீங்கள் உங்கள்மேல் சுமத்திக்கொள்கிறீர்கள்.

ஆனால் தம்பி, ஆதிச் சபை மன்னிப்பை மலிவாகக் கொடுக்கவில்லை. புதிய ஏற்பாட்டில் பாவத்துக்கு வழங்கும் ஹமர்த்தியா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குறி தப்புதல் என்று பொருள் சொல்வதைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அது சரிதான் என்றாலும், இயேசு பேசிய அரமேய மொழியில் பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல் வழங்கியது என்பதே எனக்கு அதிகம் உறைக்கிறது. அதனால்தான் மத்தேயுவில் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று ஜெபிக்கிறோம். கத்தோலிக்கச் சகோதரர்கள் அதையே ‘எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்கிறார்கள். குறி தப்பியவனுக்கு அம்புதான் வீண். கடன்பட்டவனுக்கோ எதிரே ஓர் ஆள் நிற்கிறார். உங்களுக்கு எதிரே நிற்பவர் உங்கள் மனைவி. அவரிடம், செய்ததைப் பெயர் சொல்லி, சாக்குப்போக்கு இல்லாமல் மன்னிப்புக் கேளுங்கள். உடனே மன்னித்தாக வேண்டும் என்று அவரிடம் வேத வசனத்தைக் காட்டிக் கேட்காதீர்கள். கடன்பட்டவர் தவணை விதிக்க முடியாது.

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. பிறவியிலேயே காது கேட்கவில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஜெபிக்க வந்த ஒருவர், இது என் மாமனார் செய்த பாவத்தின் தலைமுறைச் சாபம் என்றார். ஜென்மபாவம் என்பது இதுதானா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: இல்லை, அம்மா. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் விளக்கத்துக்கு வருகிறேன்.

பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளைகள் தலையில் விடியும் என்று நம் ஊர்த் திண்ணைகளில் பேசுவதைப் போலவே, எசேக்கியேல் காலத்து இஸ்ரவேலிலும் ஒரு பழமொழி வழங்கியது: அப்பன் புளித்த திராட்சையைத் தின்றான், பிள்ளைக்குப் பல் கூசிற்று. அந்தப் பழமொழியை இனி வாயில் எடுக்கக் கூடாது என்றும், பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும் என்றும் எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் ஆணித்தரமாகச் சொல்கிறது. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது, ‘அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல’ என்று இயேசு கூறியது யோவான் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் கேட்டது சீஷர்களின் கேள்வி. அதற்கு ஆண்டவர் சொன்ன பதிலை அவர் உங்களிடம் சொல்லவில்லை.

ஜென்மபாவம் என்பது வேறு விஷயம். ஆதாமின் வீழ்ச்சியால் மனித குலம் முழுவதற்கும் நேர்ந்ததைக் குறிக்கும் அந்தப் போதனையை, ஒரு குடும்பத்தைத் தனியே பிடித்துக்கொண்டு துரத்தும் சாபமாக ஆதித் தந்தையருள் எவரும் விளக்கியதாக நான் வாசித்ததில்லை. அந்தப் போதனைக்கு இன்று நாம் அறியும் வடிவத்தைக் கொடுத்தவர் வட ஆப்பிரிக்காவின் அகுஸ்தினார் (354–430). ரோமர் 5:12ஐ அவர் லத்தீன் மொழிபெயர்ப்பில் வாசித்தார். அதில் ‘அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்’ என்று பொருள்படும்படி வாசகம் அமைந்திருந்தது. கிரேக்க மூலத்தை எல்லாரும் பாவம் செய்தபடியால் என்று கொள்வதே இயல்பு. நம் தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள். ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்’ என்றுதான் இருக்கிறது. கிரேக்கம் பேசிய கீழைத் திருச்சபைகள், ஆதாமிடமிருந்து நாம் பெற்றது மரணமும் பலவீனமும் என்று சொல்லி, அவனுடைய குற்றப்பொறுப்பைப் பிறக்கும் குழந்தைமேல் ஏற்றத் தயங்கின. இந்த வேறுபாடு இன்றுவரை நீடிக்கிறது. ஆனால் அகுஸ்தினார் பக்கம் நின்றாலும் கீழைத் திருச்சபை பக்கம் நின்றாலும், ஒரு மாமனாரின் பாவம் ஒரு பேத்தியின் செவியை அடைத்தது என்ற முடிவுக்கு வர முடியாது.

குழந்தையை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். செவியின் உட்பகுதியில் கருவி பொருத்தும் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. அது சிறு வயதிலேயே செய்யப்பட வேண்டியது. சாபத்தை முறிக்கும் உபவாசக் கூட்டங்களுக்கு அலைந்து இந்த மாதங்களைக் கழித்துவிட வேண்டாம்.

கேள்வி: என் புதிய கைபேசி எண்ணில் 666 வருகிறது. மாற்றிவிட வேண்டுமா? (வாசகர், மேலூர்)

பதில்: வேண்டாம். வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தின் எண்ணாக வருவது 666. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஆயர் இரேனியு, அந்தப் புத்தகம் எழுதப்பட்டுச் சுமார் நூறு ஆண்டுகளுக்குள் இதே எண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். எவாந்தஸ், லத்தீனோஸ், தெய்த்தான் என்று கிரேக்க எழுத்துகளுக்கு உரிய எண் மதிப்பைக் கூட்டினால் 666 வரும் பெயர்கள் பல உண்டென்று எடுத்துக் காட்டிவிட்டு, இவற்றுள் எதையும் உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன் என்றார். அந்தப் பெயர் இக்காலத்தில் வெளிப்பட வேண்டியிருந்தால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பார் என்பது அவர் வாதம். அவர் காலத்திலேயே சில பிரதிகளில் அந்த எண் 616 என்றும் இருந்தது. நீரோ சீசர் என்ற பெயரை எபிரெய எழுத்தில் ஒருவிதமாக எழுதினால் 666, இன்னொருவிதமாக எழுதினால் 616 வருவதால், அது அந்தக் கொடுங்கோலனைச் சுட்டியது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். உங்கள் கைபேசிக்கு இதில் இடமே இல்லை.

கேள்வி: எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் மல்லித் தோட்டம், இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. கூட்டத்துக்கு வந்த ஓர் ஊழியர் கொடுத்த சிறு புத்தகத்தில், தானியேல் கணக்கையும் வெளிப்படுத்தின விசேஷக் கணக்கையும் சேர்த்து, இன்னும் மூன்று ஆண்டுகளுக்குள் கர்த்தருடைய வருகை என்று போட்டிருக்கிறது. என் கணவர் தோட்டத்தை விற்று ஊழியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகளை, இனிமேல் கல்லூரி எதற்கு என்கிறார். ஆதிக் கிறிஸ்தவர்களும் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் காத்திருக்கவில்லையா என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது? (வாசகி, திருமங்கலம் அருகில்)

பதில்: சகோதரி, உங்கள் கணவரை முதலில் மதிக்கிறேன். சொத்தைவிட ஆண்டவரைப் பெரிதாக நினைக்கும் மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எருசலேம் சபையில் விசுவாசிகள் நிலங்களை விற்றது உண்மை. அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் குறைவுபட்டவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. கணக்குப் போட்ட நாள் நெருங்கிவிட்டது என்பதற்காக விற்றவர்களின் கதை வேறு இடத்தில் இருக்கிறது; அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போலித்து என்ற போதகர் தானியேல் புத்தகத்துக்கு உரை எழுதினார். முழுமையாகக் கிடைத்திருக்கும் கிறிஸ்தவ வேத உரைகளுள் மிகப் பழையது அது. அதில் தம் காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். சிரியாவில் ஒரு சபைத் தலைவர், கிறிஸ்துவை எதிர்கொள்ள வனாந்தரத்துக்குப் போவோம் என்று சொல்லி, விசுவாசிகளைப் பெண்டு பிள்ளைகளோடு அழைத்துப் போனார். அவர்கள் மலைகளிலும் வழிகளிலும் அலைந்து திரிந்ததில், கொள்ளைக்கூட்டம் என்று எண்ணி ஆளுநர் அவர்களைப் பிடித்துக் கொன்றுவிட இருந்தார். அவருடைய மனைவி விசுவாசியாக இருந்ததால் தப்பினார்கள். இன்னொருவர் கருங்கடல் கரையிலுள்ள பொந்து நாட்டுச் சபைத் தலைவர். அவர் பக்தியுள்ளவர், தாழ்மையுள்ளவர் என்றே ஹிப்போலித்து எழுதுகிறார். வேதத்தை விட்டுத் தம் கனவுகளை நம்பியதுதான் அவருடைய பிழை. ஓராண்டுக்குள் நியாயத்தீர்ப்பு என்று அவர் சொன்னதும் மக்கள் இரவும் பகலும் அழுது ஜெபித்தார்கள், வயல்களைத் தரிசாகப் போட்டார்கள், பலர் உடைமைகளை விற்றார்கள். ஆண்டு கழிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. விற்றவர்கள் பின்னால் பிச்சை எடுக்கும் நிலையில் காணப்பட்டார்கள் என்று முடிக்கிறார்.

இதை எழுதிய ஹிப்போலித்துவே அதே உரையில் ஒரு கணக்குப் போட்டார் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். உடன்படிக்கைப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் ஐந்தரை முழம் வருகிறது. ஒரு முழத்துக்கு ஆயிரம் ஆண்டு என்று கொண்டால், உலகம் உண்டாகி 5500ஆம் ஆண்டில் கிறிஸ்து பிறந்தார். படைப்பின் ஆறு நாளுக்கு ஆறாயிரம் ஆண்டு, ஆகவே 6000இல் முடிவு வரும். அதற்கு இன்னும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இருக்கின்றன, எனவே பதற வேண்டாம் என்பது அவர் கணக்கு. மக்களின் பதற்றத்தைத் தணிக்கவே அவர் அப்படி எழுதினார் என்பது என் கருத்து. அந்தக் கணக்குப்படி முடிவு வர வேண்டிய கி.பி. 500ஆம் ஆண்டும் வந்துபோயிற்று. வேதத்தில் இவ்வளவு தேர்ந்தவருக்கே கணக்குத் தப்பியதென்றால், கூட்டத்தில் கொடுத்த சிறு புத்தகத்தின் கணக்கை நம்பி ஒன்றேகால் ஏக்கருக்குப் பத்திரம் எழுதலாமா?

வருகையை ஆதிக் கிறிஸ்தவர்கள் எதிர்பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஏங்கி எதிர்பார்த்தார்கள். மிகப் பழைய சபை ஒழுங்கு நூலான ‘திதகே’யில், அப்பம் பிட்டு உண்டபின் சொல்லும் ஜெபத்தின் முடிவில் மாரநாதா என்ற அரமேயச் சொல், ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்ற பொருளில் நிற்கிறது. அதே சமயம், 200ஐ ஒட்டி கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் முடிவு தாமதிக்க வேண்டும் என்று ஜெபிக்கிறார்கள் என்றும் சொல்கிறார். வாரும் என்றும் தாமதியும் என்றும் ஒரே சபை எப்படி ஜெபிக்க முடியும்? 2 பேதுரு 3ஆம் அதிகாரம் இந்த முடிச்சை அவிழ்க்கிறது: ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டுமென்று ஆண்டவர் நீடிய பொறுமையாக இருக்கிறார். முதல் கேள்வியில் பார்த்த ஹெர்மாஸின் கோபுரமும் இதையே சொல்கிறது. ஆதிக் கிறிஸ்தவர்களுக்குக் கடைசி நாளைப் பற்றிய போதனை, பாவத்தைப் பற்றிய போதனையின் மறுபக்கமாக இருந்தது. இன்னும் நாள் இருக்கிறதென்றால், யாரிடமோ பட்ட கடனைத் தீர்க்கவும், யாரையோ மன்னிக்கவும் அந்த நாள் கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வருஷத்தை மட்டும் எண்ணுகிற புத்தகம், அவர்கள் போதித்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

தெசலோனிக்கே ஊர்ச் சபையாருக்குப் பவுல் எழுதியதை உங்கள் கணவரே அறிந்திருப்பார். கர்த்தருடைய நாள் திருடன் வருகிறவிதமாய் வரும் என்று எழுதிய அதே பவுல், அதே நிருபத்தில், சொந்தக் கைகளினால் வேலை செய்யுங்கள் என்றும் எழுதினார்.

1999 டிசம்பர் 31 இரவு எனக்கு மறக்காது. உலகம் முடியப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நான் அன்று ஆராதனை நடத்திய கிராமத்துக் கோயிலில் நிற்க இடமில்லை. வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். நள்ளிரவு கழிந்து, ஜெபம் நீண்டுகொண்டே போனது. மூன்று மணி இருக்கும், முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து, சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு, பூக்கூடையை இடுப்பில் வைத்தார். மார்கழிப் பனியில் மல்லி வரத்துக் குறைவு, விலை அதிகம். விடியுமுன் மொட்டாகப் பறிக்காவிட்டால் மார்க்கெட்டில் எடுபடாது. வாசலில் நின்று பலிபீடத்தைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டார். ‘வந்தா தோட்டத்துல பாத்துக்குறேன் சாமி’ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். தெசலோனிக்கேயர் நிருபத்துக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த வகுப்பறையிலும் கேட்டதில்லை.

மகளின் படிப்பை நிறுத்த விடாதீர்கள். பட்டா இருவர் பெயரிலும் இருப்பதால் உங்கள் கையெழுத்து இல்லாமல் முழுத் தோட்டத்தையும் விற்க முடியாது. கோபத்தில் மறுக்காமல், அவசரத்தில் போடாமல், பொறுத்திருங்கள்.

பொறுத்திருந்து என்ன செய்வது என்றால், 3ஆம் நூற்றாண்டின் நடுவில் எகிப்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிறிஸ்து பூமியில் ஆயிரம் ஆண்டு அரசாள்வதைச் சரீரச் சுகங்களோடு விவரித்து நேப்போஸ் என்ற ஆயர் எழுதிய புத்தகத்தால் அர்சினோயே வட்டாரத்துச் சபைகள் பிளவுபட்டிருந்தன. நேப்போஸ் அப்போது இறந்துவிட்டார். அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு அங்கே போய், கிராமத்து மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டி, காலையிலிருந்து மாலைவரை மூன்று நாள் அந்தப் புத்தகத்தை வரிவரியாக அவர்களோடு ஆராய்ந்தார். நேப்போஸின் விசுவாசத்தையும், அவர் பாடிக் கொடுத்த கீர்த்தனைகளையும் அவர் தாழ்த்திப் பேசவில்லை. கேள்வி கேட்டவர்களை அடக்கவும் இல்லை. மூன்றாம் நாள் முடிவில், அந்தப் போதனையை முன்னின்று பரப்பிய கொராக்கியோன் என்பவரே, இனி இதைப் போதிக்கமாட்டேன் என்று எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டார். யூசேபியுவின் திருச்சபை வரலாற்றில் இது இருக்கிறது.

உங்கள் கணவரை அந்தச் சிறு புத்தகத்தோடு மதுரைக்கு அழைத்து வாருங்கள். இந்த இதழின் அலுவலகத்துக்கு எழுதினால் இடத்தைத் தெரிவிக்கிறேன். பூப்பறிப்பு முடிந்து மார்க்கெட்டுக்குப் போட்டுவிட்டு வந்தால் போதும். மூன்று நாள் ஆனாலும் உட்கார்ந்து அவரோடு வரிவரியாக வாசிக்கிறேன்.